கோதுமை விளையாத கரைகள்

விடியற்காலை நான்கரை மணிக்கு ஜொகூர் பாருவில் இரண்டு இடங்களில்தான் வெளிச்சம் இருக்கும். ஒன்று, சிங்கப்பூரை நோக்கி ஊரும் மோட்டார் சைக்கிள் வரிசை. மற்றொன்று, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையின் ரொட்டிக் கல். தலைக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்து உட்காருகிறார்கள். கப்பல் பட்டறையில் பற்றவைப்பவர், தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவர், துப்புரவுக்குப் போகிறவர், காவலுக்குப் போகிறவர். எல்லாருக்கும் அக்கரையில் வேலை. "அண்ணே, கோசோங் டுவா, தே தாரேக் சத்து." உள்ளே ஒன்றும் வைக்காத ரொட்டி இரண்டு, இழுத்து ஆற்றிய தேநீர் ஒன்று. கேட்பவர் மலாய்க்காரராக இருக்கலாம், சீனராக இருக்கலாம், நம்மவராகவும் இருக்கலாம். கல்லுக்கு முன்னால் நிற்கிறவர் மட்டும் எல்லாருக்கும் அண்ணன்தான்.

அண்ணனின் கையில் இருப்பது எண்ணெயில் ஊறிய ஒரு மாவு உருண்டை. அதை உள்ளங்கையால் அழுத்துகிறார், விரல்களால் விரிக்கிறார், தூக்கி வீசுகிறார். மூன்றாவது வீச்சில் மாவு அவர் முன்கை நீளத்தைத் தாண்டிவிடும். அதற்குப் பின்னால் தொங்கும் குழல் விளக்கு மாவின் ஊடே தெரியும்.

இந்தக் காட்சியைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதில் உள்ள விசித்திரம் வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஜொகூரில் ஒரு கதிர் கோதுமைகூட விளைவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை வடக்கே இருக்கும் மண் இது. மிளகும் காம்பீரும் விளைந்தன, பிறகு ரப்பர் வந்தது, இப்போது செம்பனை. சரி, இந்த ரொட்டியைக் கொண்டுவந்தவர்களின் ஊரிலாவது கோதுமை உண்டா என்றால் அங்கும் இல்லை. கடையநல்லூரும் தென்காசியும் நெல் மண். இராமநாதபுரம் நெல்லுக்கே மழை பார்த்து நிற்கும் மண். சோறு தின்னும் இரண்டு கரைகளுக்கு நடுவில் ஒரு கோதுமைப் பண்டம் எப்படிக் கப்பல் ஏறியது?

தமிழ்நாட்டில் பரோட்டாவுக்கு ஒரு பிறப்புக் கதை சொல்வார்கள். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது, ரங்கூன் அரிசி நின்றது, பஞ்சத்தைச் சமாளிக்க மைதா வந்தது, அதிலிருந்து பரோட்டா வந்தது என்று அந்தக் கதை போகும். அரிசி நின்றதும் மைதா பரவியதும் உண்மை. ஆனால் போர் பரோட்டாவைப் பரப்பியிருக்கும், பெற்றிருக்காது என்பது என் எண்ணம். பெயரே வடக்கின் பராத்தாவிலிருந்து வந்தது. அதைவிட முக்கியம், கடலோர முஸ்லிம்களின் கையில் மெல்லிய மாவை விரித்து மடிக்கும் தொழில் அதற்கும் வெகு முன்பே இருந்தது. அதற்குச் சாட்சி ஜொகூருக்கு எதிர்க்கரையிலேயே இன்றும் நிற்கிறது. சிங்கப்பூரில் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே, நார்த் பிரிட்ஜ் சாலையில், கேரளத்திலிருந்து வந்த அப்துல் காதர் 1908-இல் தொடங்கிய ஸம் ஸம் உணவகம் அது. அதன் பேர் சொல்லும் பண்டம் முர்தபாக்.

'முதப்பக்' என்றால் அரபியில் மடித்தது என்று பொருள். ஏமன், ஹிஜாஸ் பக்கத்துப் பண்டம். மெல்லிய மாவை விரித்து நடுவே கறியும் முட்டையும் வெங்காயமும் வைத்து நாலு பக்கமும் மடித்துக் கல்லில் போடுவார்கள். அரபு வணிகரின் கடல்வழியில் அது கிழக்கே வந்து தீவுகளையும் தீபகற்பத்தையும் சேர்ந்தது. நம் கூத்தாநல்லூர், நாகூர், காரைக்கால் பக்கம் இன்றும் அதை 'முர்தபா' என்று கேட்டு வாங்குகிறார்கள். கடைசி எழுத்தைக் கடல் கழுவிக்கொண்டு போய்விட்டது போலும். அங்கே அது எந்தத் திசையிலிருந்து கரையேறியது, மேற்கிலிருந்தா, சபுராளிகள் திரும்பிவந்த கிழக்கிலிருந்தா என்று யோசிக்கும்போதெல்லாம், ஒரு பண்டத்தின் பயணத்தை ஒரே அம்புக்குறியால் வரைய முடியாது என்று தோன்றும்.

கடல் கடந்து பிழைக்கப் போன இந்தச் சபுராளிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் ஓடியது. 1973-இல் ஓய்வு பெற்றபோது அதன் இடத்துக்குச் சிதம்பரம் வந்தது. ரஜுலாவின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களில் எத்தனையோ வகை. கங்காணி அழைத்துவந்த தோட்டத் தொழிலாளிகள், செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளைகள், பணம் மாற்றுபவர்கள், புத்தகக் கடைக்காரர்கள். கடையநல்லூர் முஸ்லிம்கள் இவர்களில் தனி ரகம். அவர்கள் நெசவாளிகள். தறி சோறு போடாத காலத்தில் கப்பல் ஏறினார்கள். பிற ஊர் முஸ்லிம்கள் ஆண்கள் மட்டும் வந்து பணம் அனுப்பிக்கொண்டிருக்க, இவர்கள் மனைவி மக்களோடு வந்தார்கள். அந்தப் பெண்கள் சிங்கப்பூர்ச் சந்தைகளில் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். ரொட்டிக்குப் பக்கத்தில் வைக்கும் குழம்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்தக் குழம்பின் பின்னால் மஞ்சள் ஏறிய அந்தக் கைகளும் உண்டு என்பதை நான் விடமாட்டேன்.

சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்கு இந்தப் பண்டம் வர ஒரு கிலோமீட்டர் தண்ணீரைத் தாண்டினால் போதும். அதற்கு வழி 1923-இல் பிறந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி கடற்பாலத்தின் மீது முதல் பயணிகள் ரயில் ஓடியது. மறு ஆண்டு ஜூன் 28-இல் முறைப்படி திறப்பு விழா. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜாலான் ஊங்கு புவான், ஜாலான் டோபி, ஜாலான் திரூஸ் தெருக்களில் ஏற்கெனவே இந்தியர் கடைகள் இருந்தன. டோபி தெருவின் பெயரே வண்ணார்களை வைத்து வந்தது. ஜாலான் டோபியில் விறகு அடுப்பில் ரொட்டி சுடும் சலாஹுதீன் பேக்கரி 1937 முதல் இருக்கிறது. அங்கே போனால் சூட்டோடு கறி பப்ஸ் வாங்கித் தின்னலாம். ஆனால் அது அடுப்புக்குள் போகும் ரொட்டி, நுரைத்து எழுவது. நம் கதாநாயகன் கல்லின் மேல் கிடப்பவன், நுரையே அறியாதவன்.

இங்கே வந்ததும் பெயர் மாறியது. சிங்கப்பூரில் 'ரொட்டி பராட்டா' என்ற பெயர் நிலைத்தது. மலேசியாவில் 'ரொட்டி சானாய்'. எல்லையில் இருப்பதால் ஜொகூர் பாருவில் இரண்டு பெயரும் காதில் விழும். 'சானாய்' என்பது 'சென்னை'யிலிருந்து வந்தது என்று நம்மவர் பலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் அப்படியே இருந்துவிடக்கூடாதா என்ற ஆசை உண்டு. ஆனால் மலாயில் 'சானாய்' என்றால் மாவைத் தேய்த்து மெல்லியதாக்குவது, கத்தியைத் தீட்டுவதற்கும் அதே சொல். அந்த வினைச்சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஊர்ப்பெயரைத் தேடிப்போகத் தேவையில்லை.

என்னைக் கட்டிப்போட்டது வேறொரு சொல். மாவை வீசுவதை மலாயில் 'தெபார்' என்கிறார்கள். மீனவர் கடலில் வலை வீசுவதற்கும் 'தெபார்'தான். தமிழிலும் வலையை வீசுகிறோம், பரோட்டாவையும் வீசுகிறோம். இலங்கையில் 'வீச்சு ரொட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு மொழியில் இரண்டு கரைவாழ் மக்கள், ஒரே கையசைவைப் பார்த்து ஒரே உவமையை எட்டியிருக்கிறார்கள். மணிக்கட்டைச் சுழற்றி, விளிம்பு முதலில் பறக்க, நடுப்பகுதி பின்னால் இழுபட்டு விரிகிற அந்தக் கணத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. வலை விரிவதும் அப்படித்தான்.

வீச்சு கண்ணுக்குத் தெரிகிற பாதி. மறுபாதி முதல் நாள் இரவே நடந்து முடிந்திருக்கும். மைதாவில் உப்பு, கொஞ்சம் சீனி, தண்ணீர். இங்குள்ள கடைகள் பலவற்றில் கெட்டிப்பாலும் மார்ஜரினும் சேரும். பிசைந்து, உருட்டி, ஒரு கிலோ மாவுக்குப் பதினைந்து உருண்டை என்கிற கணக்கில் தட்டில் அடுக்கி, மேலே எண்ணெயையோ மார்ஜரினையோ தாராளமாகப் பூசி மூடிவைப்பார்கள். கோதுமையில் இருக்கும் இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் பின்னிக்கொண்டு பசைத்தன்மை பெறுகின்றன. பிசைந்த கையோடு இழுத்தால் ரப்பர் போலச் சுருங்கிக்கொள்ளும், வலிந்து இழுத்தால் கிழியும். நான்கைந்து மணி நேரம் கிடந்தால் அந்தப் பின்னல் தளர்ந்து, இழுத்த பக்கம் போகும். அரிசி மாவுக்கு இந்தக் குணம் கிடையவே கிடையாது. ஆயிரம் ஆண்டு அரிசியோடு பழகிய கைகள், இழுபடும் ஒரு மாவைக் கண்டு அதன் உச்சிவரை இழுத்துப் பார்த்ததுதான் இந்தத் தொழில் என்று எனக்குத் தோன்றுகிறது.

விரித்த மாவை மடித்துக் கல்லில் போட்டு, இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்துப் பலகையில் வைத்து, இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஒரு தட்டு. அடுக்குகள் கலைந்து ஆவி வெளியேறும். ஊரில் பரோட்டா மாஸ்டர் அடுக்கிவைத்து அடிக்கிற அதே அடி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் செங்கோட்டை சாலைக் கடையா, ஜொகூரின் ஸ்கூடாய் கடையா என்று சொல்ல முடியாது.

ஆனால் மணியைக் கேட்டால் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் பரோட்டா இரவின் சாப்பாடு. ஆறு மணிக்குக் கல் காயும், பதினோரு மணி வரை சால்னா ஓடும். காலையில் பரோட்டா கேட்டால் மாஸ்டரே வந்திருக்கமாட்டார். ஜொகூரில் இது காலைப் பசிக்கு வைத்தியம். கடல் தாண்டியதில் பண்டத்துக்கு ஏற்பட்ட மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்பேன். பெயர் மாற்றமும் கெட்டிப்பாலும் அதற்குப் பிறகுதான். விடியுமுன் கிளம்பும் உழைப்பாளிக்கு வயிற்றில் நிற்கிற, கையில் பிய்க்கிற, சல்லிசான ஒன்று தேவைப்பட்டது. அந்த நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தவர்கள் மாமாக்கள். சால்னாவின் இடத்துக்குப் பருப்புக் குழம்பு வந்தது, மீன் குழம்பு வந்தது, மலாய்க்காரர்களுக்காகச் சம்பல் வந்தது. மூன்றையும் ஒன்றாக ஊற்றி மாவை மூழ்கடிக்கச் சொன்னால் 'பாஞ்சிர்', அதாவது வெள்ளம்.

ரப்பர்த் தோட்டங்களில் இருந்த நம் மக்களுக்கு இது வெகுநாள் டவுன் பண்டமாகவே இருந்தது. கூலாய், லாயாங் லாயாங், ரெங்கம் பக்கத்து லயங்களில் சோறும் கஞ்சியும்தான். மாவு என்றால் சைக்கிளில் மணியடித்து வரும் ரொட்டிக்காரரின் பெட்டியில் இருப்பதுதான். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய், படம் பார்த்து, மாமாக் கடையில் உட்கார்ந்து ரொட்டியும் தேத்தண்ணியும் சாப்பிட்டதைப் பெரியவர்கள் இன்றும் முகம் மலரச் சொல்வார்கள். பிறகு தோட்டங்கள் கைமாறின, செம்பனையாயின, வீட்டுமனைகளாயின. லயத்துப் பிள்ளைகள் மாசாய்க்கும் பாசிர் கூடாங்குக்கும் ஸ்கூடாய்க்கும் வந்து அடுக்குமாடியில் குடியேறினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பண்டம் தினப் பண்டமானது அப்படித்தான்.

மாவின் கதைக்கும் ஜொகூர் பாருவில் ஒரு வேர் உண்டு. கடற்பாலத்தில் முதல் பயணிகள் ரயில் ஓடி ஐந்து நாள் கழித்து, 1923 அக்டோபர் 6-இல், இந்த ஊரில் ஒரு சீனக் குடும்பத்தில் ராபர்ட் குவோக் பிறந்தார். அவர் தந்தை அரிசி, சீனி, மாவு வியாபாரி. அப்போது மாவு ஆஸ்திரேலியாவில் அரைபட்டு மூட்டையாகத்தான் வரும். 1960-களில் மகன் தொடங்கிய ஃபெடரல் மாவு ஆலை கோதுமையை மணியாகவே இறக்கி இங்கேயே அரைத்தது. பின்னர் பாசிர் கூடாங் துறைமுகத்தின் பக்கமும் அதன் ஆலை வந்தது. ஆகவே, அண்ணன் வீசும் உருண்டைக்குள் ஆஸ்திரேலியக் கோதுமை இருக்கக்கூடும், ஜொகூர் ஆலையின் அரைவை இருக்கக்கூடும், மார்ஜரினில் ஜொகூர்ச் செம்பனை இருக்கக்கூடும். வீச்சு மட்டும் நம் ஊரிலிருந்து வந்தது.

பீட்சா இங்கே சங்கிலிக் கடையாக வந்தது 1980-களில். குளிரூட்டிய கூடம், சீருடைப் பணியாளர், பிறந்தநாள் கொண்டாட்டம் என்று அது வேறு வாசல் வழியாக நுழைந்தது. ஆனால் அதன் பிறந்த வீட்டைப் பார்த்தால் மாமாக் கடைக்குப் பக்கத்து வீடு போல இருக்கும். இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கூலிகளின் சாப்பாடு அது. நின்றபடியே, நான்காக மடித்து, கையில் பிடித்துத் தின்பார்கள். மடித்தது என்ற பொருளுடைய முர்தபாக் என் நினைவுக்கு வருவது இங்கேதான். அந்த ஊரின் ஏழைத் தெருக்களில் பொரித்த பீட்சாவை இன்று தின்றுவிட்டு எட்டாம் நாள் காசு கொடுக்கும் வழக்கமும் இருந்தது. மலேசியாவில் அதற்கு '555' என்று பெயர். அட்டையில் அந்த எண் அச்சிட்ட, சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு. கடன் கணக்கை அதில் எழுதி எழுதிக் கடன் என்பதற்கே அந்த எண் வழக்காகிவிட்டது. சம்பளம் வரும்வரை தொழிலாளியின் காலைப் பசியைத் தன் கணக்கில் தாங்கிய கடைக்காரர் இரண்டு துறைமுகத்திலும் இருந்திருக்கிறார்.

பீட்சாவைப் பார்த்து மாமாக் கடை பயப்படவில்லை. சீஸை எடுத்து உள்ளே வைத்து மடித்துக்கொண்டது. முட்டைக்கும் வெங்காயத்துக்கும் சார்டினுக்கும் வாழைப்பழத்துக்கும் செய்ததைத்தான் சீஸுக்கும் செய்தது. என் அக்கா பிள்ளைகள் பீட்சா கேட்கும் மாலைகளில் நாங்கள் பெரும்பாலும் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்புப் பகுதியில், இருக்கும் மாமாக் கடைக்குத்தான் போகிறோம். முர்தபாக் சீஸ் ஒன்றைச் சதுரம் சதுரமாக வெட்டி நடுவில் வைத்தால் நாலு பேர் தின்னலாம். பக்கத்தில் ஊறுகாய் போட்ட சிவப்பு வெங்காயம். சீஸ் நூலாக நீளும்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்களின் கைத்தொழிலை யுனெஸ்கோ 2017-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. மலேசியாவின் காலை உணவுப் பண்பாடு 2024 டிசம்பரில் அதே பட்டியலில் ஏறியது. நாசி லெமாக்கோடும் தே தாரேக்கோடும் ரொட்டி சானாயும் அதில் உண்டு. மகிழ்ச்சிதான். ஆனால் நேப்பிள்ஸில் சேர்க்கப்பட்டது தொழிலாளியின் கை, இங்கே சேர்க்கப்பட்டது சாப்பிடும் மேசை. அந்த வேறுபாடு எனக்கு உறுத்துகிறது. பல இனத்தவர் ஒரே மேசையில் உட்காரும் அழகை உலகுக்குச் சொன்னது சரி, அந்த மேசைக்கு ரொட்டியை வீசித்தந்தவரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கலாம். கல்லுக்கு முன்னால் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் சூட்டில் நிற்கும் வேலை அது. உள்ளூர்ப் பிள்ளைகள் இதற்கு வருவது குறைந்துவிட்டது. முஸ்லிம் உணவக உரிமையாளர் சங்கமான பிரெஸ்மா ஆள் பற்றாக்குறையைப் பற்றி ஆண்டாண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் ஆலைகளில் இயந்திரம் மாவை இழுத்து, அடுக்கி, உறையவைத்துப் பெட்டியில் போடுகிறது. மலேசிய நிறுவனமான கவானின் உறைந்த பரோட்டாவை லண்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள தமிழ் வீடுகளின் குளிர்பெட்டியில் பார்க்கலாம். சுட்டால் அடுக்குப் பிரிகிறது, ருசியும் குறைவில்லை. வீச்சு மட்டும் அதில் இல்லை.

நான் வழக்கமாகப் போகும் கடையில் ரொட்டி போடுபவர் தென்காசிப் பக்கத்துக்காரர். ஆறரை மணிக்குள் மோட்டார் சைக்கிள் கூட்டம் கலைந்துவிடும். சிலர் பொங்குஸ், அதாவது பொட்டலம், வாங்கிக்கொண்டு போவார்கள். பழுப்புத் தாளில் ரொட்டி, பிளாஸ்டிக் பையில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய குழம்பு, வண்டியின் கொக்கியில் ஆடிக்கொண்டே கடற்பாலம் ஏறும். அப்புறம் பள்ளிப் பிள்ளைகள், அலுவலகக்காரர்கள், வேலையிலிருந்து ஓய்ந்த பெரியவர்கள். பத்தரைக்கு உருண்டைத் தட்டு காலியாகும். அவர் கல்லைச் சுரண்டி, துணியால் ஒற்றித் துடைத்து, அடுப்பைக் குறைப்பார். மேலெல்லாம் மாவும் எண்ணெயுமாக, பின்பக்கக் குழாயில் கை கழுவிவிட்டு, சமையற்கட்டை ஒட்டிய மேசையில் உட்காருவார். உள்ளேயிருந்து அவருக்குத் தட்டு வரும். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். சுடுசோறு, அதன்மேல் நேற்றைய மீன் குழம்பு.